வண்டி பெட்ரோல் எந்தக் கணக்கில்?

ஒரு ஏக்கரில் நெல் போட்ட விவசாயி ஒருவர் தன் வரவு செலவு நோட்டைக் காட்டினார். உழவு, விதை, நடவுக் கூலி, களை, உரம், அறுவடை மெஷின் வாடகை என எல்லாம் தேதி வாரியாக இருந்தது. "வண்டிக்குப் போட்ட பெட்ரோல் எங்கே?" என்றேன். "அது வீட்டுச் செலவுங்க சார்" என்றார்.

வீட்டுச் செலவு என்றாலும் அது சில்லறைத் தொகை அல்ல. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய். இதில் போக்குவரத்துக்கு மட்டும் 7.55 சதவீதம். 2011-12இல் இது 4.20 சதவீதமாக இருந்தது. தானியங்களுக்கான பங்கோ 10.75இல் இருந்து 4.91 சதவீதமாகக் குறைந்துவிட்டது (ரேஷனில் விலையில்லாமல் வாங்குவது இதில் சேராது). நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவு மாதம் சுமார் 1,140 ரூபாய் வருகிறது.

இனி வயல் கணக்கு. வயல் 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது, காலையும் மாலையும் போய்வந்தால் தினம் 20 கி.மீ. 120 நாளுக்கு 2,400 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டி என்றால் 48 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 4,800 ரூபாய். 1,350 ரூபாய் விலையில் மூன்று மூட்டை டி.ஏ.பி. வாங்கியும் மீதி இருக்கும். ஆயில், டயர் தனி. அரை ஏக்கரோ ஐந்து ஏக்கரோ, தூரம் ஒன்றுதான். அதனால் சிறு விவசாயிக்குத்தான் ஏக்கருக்கு ஆகும் செலவு அதிகம்.

இதற்காக வயலுக்குப் போவதைக் குறைக்க வேண்டாம். இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. குறைக்க வேண்டியது மற்ற அலைச்சலை. மோட்டார் போட மட்டும் இரவில் ஓடுபவர்கள், செல்போன் மூலம் இயக்கும் ஸ்டார்ட்டரைப் பொருத்தலாம். உர இருப்பையும் சந்தை விலையையும் உழவன் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே நடையில் இடுபொருள் ஏற்றி வரலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. நேரம் ஒத்துவந்தால் பேங்க் வேலையை வீட்டுப் பெண்களிடம் விடலாம்.

நோட்டில் 'வண்டி' என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெட்ரோல் போடும் நாளில் தொகையையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் குறித்தால் போதும். வயலுக்கு எவ்வளவு, கல்யாணம் காதுகுத்துக்கு எவ்வளவு என்று அறுவடைக்குப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.