கடைசிப் பக்கம் இல்லாத மர்மம்

இலங்கைத் தமிழில் வந்த முதல் நாவலே காணாமற்போன பிள்ளையின் கதைதான். 1885இல் சித்திலெப்பை எழுதிய ‘அஸன்பேயுடைய கதை’யில், கெய்ரோப் பிரபுக் குடும்பமொன்றின் குழந்தையைத் திருடிக்கொண்டு போகிறார்கள். இந்தியாவில் வளர்ந்து ஆளாகும் அஸன், கடைசியில் தன் குடும்பத்தோடு சேர்ந்துவிடுகிறான்.

கிழக்கிலங்கையின் தம்பிலுவிலில் நாங்கள் வாசித்து வளர்ந்த மர்மக்கதைகளும் அப்படி விடையோடுதான் முடிந்தன. சென்னையிலிருந்து வரும் புத்தகங்கள் அட்டை கிழியும்வரை வீடு வீடாகக் கைமாறும். தேநீரைக் குடித்தபடியே துப்பறிவாளர் சங்கர்லால் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ மட்டும் பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியை முழுதாக மூடவில்லை. அதனால்தான் அது இன்னும் மனதில் நிற்கிறது.

பிறகு 1990 வந்தது. ஜூனில், சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கானோரை விடுதலைப் புலிகள் திருக்கோவிலுக்கு அப்பால் ரூபஸ்குளத்தில் கொன்றார்கள். தொடர்ந்து ஆமியின் சுற்றிவளைப்புகள். ஊர் ஆண்களை வெயிலில் வரிசையாக்கி, சாக்கால் முகம் மூடிய, ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் நடத்துவார்கள். அந்தத் தலை அசைந்தால் பிள்ளை போய்விட்டான். ஆளுக்கு ஆள் சொந்தமான சின்ன ஊரில், சாக்கின் ஓட்டைக்குள்ளிருந்து பார்த்த கண்கள் யாருடையவை? வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக்கு அந்த ஆளும் வந்து பக்கத்தில் நின்றிருக்கலாம். எந்த மர்ம நாவலும் எனக்கு இந்தப் பயத்தைத் தந்ததில்லை. இழப்பு எங்களுக்கு மட்டுமல்ல; வயலுக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் திரும்பாத வீடுகள் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும் உண்டு.

இன்று சுற்றிவளைப்பு இல்லை. திகில் கதை கைபேசியிலேயே கிடைக்கிறது. காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் திருக்கோவில் வீதியில் தாய்மார் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அஸனின் குடும்பத்துக்குக் கிடைத்த முடிவு இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் மண்ணின் நாவல் விடையில்லாத இந்த இடத்துக்குக் கிட்ட வந்திருக்கிறது. விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ அக்கரைப்பற்றுச் சந்தையில் ஒன்றாக இருந்த தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்துபோனதை எங்கள் பேச்சிலேயே சொல்கிறது. அதில் துப்பறிவாளர் இல்லை. ஆனாலும் வாசித்து முடித்த பிறகும் நெஞ்சு படபடக்கிறது. தலையாட்டியின் கதையும் அந்தப் பேச்சில்தான் வரவேண்டும். குற்றவாளியைக் காட்டிக்கொடுத்து முடிக்கும் நாவல் அதற்குப் பொருந்தாது.

கல்முனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் இளம் எழுத்தாளர்களே, அந்தத் தாய்மாருக்கு வயதாகிவிட்டது. சிலர் விடை தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். இருப்பவர்களிடம் இப்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள்.