ரீஃப் டேங்க்: டெஸ்ட் கிட்டில் ‘ஜீரோ’ வந்தால் சந்தோஷப்படலாமா?

ஹாலில் 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புநீர், நீல விளக்கு, ஒரு ஜோடி க்ளவுன் மீன். பாறை மேல் குட்டிக் குட்டிப் பூக்களாக விரிந்திருக்கும் சோவாந்திட் எனும் பவள உறவினங்கள். தண்ணீரைச் சோதித்தால் நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ. ‘தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு’ என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார் தொட்டிக்காரர்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பூக்கள் மூடிக்கொண்டு சுருங்குகின்றன. மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி போன்ற படலம், அதில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழ்கள். ‘எல்லாம் சரியாதானே பண்ணேன்?’

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் ஒருமுறையாவது இப்படிப் புலம்பியிருப்பார்கள். இங்கே கோளாறு தண்ணீர் அழுக்கானதில் இல்லை. அளவுக்கு மீறி சுத்தமானதில்தான் இருக்கிறது.

தண்ணீரில் சத்து எங்கிருந்து வருகிறது?

மீனுக்குப் போடும் தீனிதான் முக்கிய மூலம். மீன் தின்று கழித்ததும், தின்னாமல் விட்டு அழுகியதும் அம்மோனியாவாக மாறும். இது மீனுக்கு விஷம். பாறையிலும் மணலிலும் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நைட்ரேட் வரை வந்ததும் இந்த ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆக்சிஜன் எட்டாத பாறை இடுக்குகளில் வாழும் சில பாக்டீரியாக்கள் மட்டும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். சின்னத் தொட்டியில் பாறை குறைவு, அதனால் அந்த வேலையும் குறைவாகத்தான் நடக்கும்.

பாஸ்பேட்டும் பெரும்பாலும் தீனியிலிருந்து வருகிறது. ஆனால் நைட்ரஜனைப் போல வாயுவாகப் பறந்துபோக அதற்கு வழியில்லை. யாராவது எடுத்தால்தான் வெளியே போகும். இல்லையென்றால் பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அப்படியென்றால் ஜீரோ நல்லதுதானே?

இல்லை. பவளம் செடி அல்ல, விலங்கு. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. இந்தப் பாசி வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பதிலுக்குப் பவளத்தின் கழிவிலிருந்தும் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குக் கிடைக்கின்றன. சோவாந்திட் போன்ற உறவினங்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். பாசி பட்டினி கிடந்தால் அதை நம்பியிருக்கும் விலங்கும் வாடும்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து 2013-லும் 2017-லும் முடிவுகளை வெளியிட்டது. நைட்ரேட் தாராளமாக இருந்து பாஸ்பேட் போதாமல் போனால், வெப்பத்தையும் வெளிச்சத்தையும் தாங்கும் சக்தி குறைந்து பவளங்கள் எளிதில் வெளுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. அதாவது, ஒன்று மட்டும் ஜீரோ ஆவதும் ஆபத்துதான்.

‘நிஜக் கடலில் சத்து ரொம்பக் கம்மிதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பவளப்பாறை உள்ள கடலில் ஒரு நேரத்தில் எடுத்து அளந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் அலையும் நீரோட்டமும் நாள் முழுக்க நுண்ணுயிர் மிதவைகளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். கல்யாணப் பந்தி மாதிரிதான். இலையில் எப்போது பார்த்தாலும் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் வாளியோடு ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார். வீட்டுத் தொட்டியில் அந்த வாளிக்காரர் இல்லை.

மணல் மேல் வந்த பழுப்புப் படலத்துக்கும் இதுதான் காரணம். சத்து அடியோடு தீர்ந்தால் பச்சைப் பாசியும் பாக்டீரியாவும் ஒடுங்கிவிடும். காலியான இடத்தில் டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிர் புகுந்து பரவும். இதில் சில வகைகள் தொட்டியிலுள்ள நத்தைகளைக் கொல்லும் அளவுக்கு விஷம் கொண்டவை. ‘அழுக்கு’ என்று நினைத்து இன்னும் சுத்தம் செய்யச் செய்ய, நிலைமை இன்னும் மோசமாகும்.

எவ்வளவு இருக்கலாம்?

வளர்ப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு: நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். ஒரு பிபிஎம் என்பது ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்.

இதற்கு மேலே போனால் பச்சை முடிப்பாசியும் சிவப்புப் படலமாக வரும் சயனோபாக்டீரியாவும் தலைதூக்கும். ஆனாலும் இந்த எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நைட்ரேட் 15-ல் மாதக்கணக்காக நிலையாக இருக்கும் தொட்டி, ஒரு வாரம் 20, மறுவாரம் ஜீரோ என்று ஆடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

சின்னத் தொட்டியின் கணக்கு

‘ஆறு மாசம் நல்லாதான் இருந்துச்சு, திடீர்னு பாசி வந்துருச்சு’ என்பார்கள். அது திடீரென்று வந்ததல்ல. கணக்குப் போட்டால் தெரியும்.

தீனியால் வாரத்துக்கு 4 பிபிஎம் நைட்ரேட் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாராவாரம் 10 சதவீதம், அதாவது 6 லிட்டர் தண்ணீர் மாற்றப்படுகிறது. புதுத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை. முதல் மாத முடிவில் நைட்ரேட் 14 பிபிஎம் ஆகும். ஆறு மாதத்தில் 37. கடைசியில் 40-ஐ ஒட்டி நிற்கும். ஏனென்றால் 40-ல் 10 சதவீதம் எடுத்தால்தான், சேரும் 4-ம் போகும் 4-ம் சமமாகும்.

தண்ணீர் மாற்றுவதை 20 சதவீதமாக்கினால் அது 20-ல் நிற்கும். கூடவே தீனியையும் பாதியாக்கினால் 10-ல் நின்றுவிடும். 12 லிட்டர் உப்புநீர் கலக்கித் தூக்குவது ஒரு வேலை. தீனி டப்பாவைக் கொஞ்சம் சீக்கிரம் மூடுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

இன்னொரு பக்கம், 200 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் சமாளித்துவிடலாம். 60 லிட்டரில் அதே மீன் மூன்று மடங்குக்கு மேல் பாதிப்பு தரும். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாவது வேறு. மூன்று லிட்டர் ஆவியானால் மீதித் தண்ணீரில் உப்பு 5 சதவீதத்துக்கு மேல் கூடும். ஆவியானதை ஈடுகட்ட உப்புநீர் ஊற்றக் கூடாது, உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

கூடினால் என்ன செய்யலாம்?

*தீனி:* ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் டப்பாவை அப்படியே கொடுக்காமல், ஒரு நாளைக்கு ஒன்று என்று சின்னப் பொட்டலம் மடித்துக் கொடுப்பது நல்லது. பாசத்தில் அள்ளிப் போட்டு மீனைத் தவிக்க விட்டவர்கள் உண்டு.

*தண்ணீர்:* போர் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் ஏற்கெனவே நைட்ரேட், சிலிக்கேட் இருக்கலாம். சமையலறை ஆர்ஓ மெஷின் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் அமைப்பு இருக்கும். டிடிஎஸ் மீட்டரில் 50, 80 என்று காட்டினால் அது குடிக்க நல்ல தண்ணீர், ரீஃப் டேங்குக்கு அல்ல. ஆர்ஓவுக்குப் பிறகு டிஐ ரெசின் வழியாக வந்து, மீட்டர் ஜீரோ காட்ட வேண்டும். இங்கே ஜீரோ தேவைதான்.

*பாசி:* தொட்டியின் பின்னறையில் சின்ன விளக்கு போட்டு கீட்டோமார்ஃபா போன்ற பாசியை வளர்க்கலாம். அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று வளரும். அவ்வப்போது ஒரு கை அள்ளி வெளியே எடுத்தால், சத்தும் அதோடு வெளியேறும். அள்ளியதைக் குப்பையில் போட வேண்டும், கடலிலோ கழிமுகத்திலோ விடக் கூடாது. மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்ற வெளியூர்ப் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

*ஸ்கிம்மர்:* இது நைட்ரேட்டை எடுக்காது. கழிவு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே நுரையாக வெளியேற்றிவிடும்.

*இரும்பு ஆக்சைடு மணிகள்:* பாஸ்பேட்டை இழுத்துக்கொள்ளும். சின்னத் தொட்டியில் ஒரு ஸ்பூன் கூடினாலும் ஒரே ராத்திரியில் ஜீரோ ஆகிவிடலாம். பாக்கெட்டில் போட்ட அளவில் கால்வாசியில் தொடங்குவது நல்லது. மணியை எடுத்ததும் பாஸ்பேட் மறுபடி ஏறினால் பதற வேண்டாம். பாறையில் ஒட்டியிருந்தது கரைந்து வருகிறது, அவ்வளவுதான்.

வோட்கா ஊற்றி பாக்டீரியாவை வளர்க்கும் முறையும் உண்டு. 60 லிட்டரில் அது வேண்டவே வேண்டாம். பாக்டீரியா ஒரேயடியாகப் பெருகினால் ஆக்சிஜன் குறைந்து மீன் மூச்சுத் திணறும்.

ஜீரோவில் சிக்கினால்?

முதலில் இரும்பு ஆக்சைடு மணிகளை வெளியே எடுக்க வேண்டும். ஸ்கிம்மர் ஓடும் நேரத்தைக் குறைத்து, தீனியைக் கொஞ்சம் கூட்டலாம். அப்போதும் நைட்ரேட் ஏறவில்லை என்றால் தரமான சோடியம் நைட்ரேட்டைக் கரைத்துச் சேர்க்கலாம். 60 லிட்டர் தண்ணீரில் ஒரு பிபிஎம் ஏற்ற சுமார் 82 மில்லிகிராம் போதும். ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம்.

டெஸ்ட் கிட் ஏமாற்றும் இடங்கள்

கண்ணாடி முழுக்கப் பாசி, ஆனால் கிட் ஜீரோ காட்டுகிறது என்றால், தண்ணீரில் சத்து இல்லை என்று அர்த்தமில்லை. வந்ததையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது.

சில கிட்டுகள் நைட்ரேட்டை அளக்காமல், நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். அந்த எண்ணை 4.4-ஆல் பெருக்க வேண்டும். 2 என்று காட்டினால் நிஜத்தில் கிட்டத்தட்ட 9. பல நைட்ரேட் கிட்டுகளில் பாட்டிலை நன்றாகக் குலுக்காவிட்டால் எண் குறைவாக வரும். பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு ரீடிங்கை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தண்ணீர் மாற்றுவதற்கு முன் அளந்து போனில் குறித்து வைத்தாலே போக்கு தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

வாங்கும் முன்: சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ரீஃப் டேங்க் வைக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், 2001-ல் கடின பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடல் விசிறி, கரும்பவளம், தீப்பவளம் ஆகியவையும் அதில் அடக்கம். விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. ‘இது ஃபாரின் ஐட்டம் சார், பிரச்சினை இல்ல’ என்று வாட்ஸ்அப்பில் வரும் பேச்சை நம்ப வேண்டாம். பட்டியலில் இல்லாத உயிர்களுக்கும் ரசீதும் இறக்குமதி அனுமதியும் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: கடின பவளங்கள் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிச்சீட்டு வேண்டும்.

அப்போ எதில் தொடங்குவது? செயற்கைப் பாறை, கொஞ்சம் பாசி, பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி க்ளவுன் மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருப்பதால், கடலிலிருந்து பிடித்து வரத் தேவையில்லை. இந்தத் தொட்டியிலும் தீனி, நைட்ரேட், பாஸ்பேட் கணக்கு அதேதான். ஆறு மாதம் எண்கள் ஆடாமல் இருந்தால், வேறு எந்த உயிரையும் கொண்டுவருவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.