விண்வெளிச் சவாரிக்குப் போகும் முன்

விடுமுறையில் ஃபுளோரிடா செல்லும் நம் சங்கக் குடும்பங்கள் பலவும் எப்காட் பூங்காவின் 'மிஷன்: ஸ்பேஸ்' சவாரியில் ஏறுவதுண்டு. 2003-இல் தொடங்கிய இதில் இப்போது இரண்டு வகை. செவ்வாய்க்குப் போகும் ஆரஞ்சு வகையில் நால்வர் அமரும் கூண்டு உண்மையிலேயே சுழல்கிறது. உடல் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடியதுபோல் நெஞ்சை அழுத்தும். பூமியைச் சுற்றிவரும் பச்சை வகையில் அந்தச் சுழற்சி இல்லை. உயரம் ஆரஞ்சுக்கு 44 அங்குலம், பச்சைக்கு 40 அங்குலமாவது வேண்டும்.

தலைசுற்றல் ஏன்? காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்றை உணர, கண் திரையில் வேறொன்றைக் காண்கிறது. இந்தக் குழப்பமே குமட்டலாகிறது. தலையை இருக்கையில் நன்றாகச் சாய்த்து, எதிரே உள்ள திரையையே பாருங்கள். கண்ணை மூட வேண்டாம். பக்கத்தில் பிள்ளை என்ன செய்கிறாள் என்று திரும்பினீர்களோ, போச்சு! (வாந்திப் பை உள்ளேயே இருக்கும்.) குமட்டல் மாத்திரையை முன்கூட்டியே போட வேண்டும், பல மாத்திரைகள் தூக்கம் தரும், ஆகவே கார் ஓட்டுபவர் கவனிக்கவும்.

எங்கள் கவலையெல்லாம் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளைப் பற்றித்தான். பேரப்பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது "எனக்குப் பிரஷர் இருக்கிறது" என்று அவர்கள் வாய்திறக்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், கழுத்து அல்லது முதுகுத் தொல்லை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. வரிசையில் நின்ற பிறகு மனம் மாறினாலும் கூச்சமின்றிப் பணியாளரிடம் சொல்லுங்கள். ஏறாமலே வெளியேற வழிகாட்டுவார்.