தன் நடை

எழுத வேண்டும் என்ற ஆர்வம் நம் மாணவர் பலருக்கும் உண்டு. ஆயினும், எழுதியதைப் படித்துப் பார்த்தால், நேற்றுக் கைப்பேசியில் கண்ட வேறொருவர் நடையே அதில் தெரிகிறது. காரணம் என்ன?

நடை என்பது தேடி அணியும் நகை அன்று. கேட்டு வளர்ந்த பேச்சு நம் எண்ணத்தோடு கலந்து வெளிப்படுவது. கி. ராஜநாராயணன் தம் இடைசெவல் மக்களின் கரிசல் தமிழையே எழுத்தாக்கினார். அவருடைய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

அத்தகைய பேச்சு நம் காதிலும் உண்டு; அது மேலெழ அமைதி வேண்டும். ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி முன்னதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். எழுதும் நடுவே கைப்பேசியைப் பார்த்துத் திரும்பினாலும் அதுதான் நிகழும்: கண் தாளில், கருத்து பாதி படித்த செய்தியில். அப்போது கை, எளிதில் கிடைக்கும் பிறர் சொற்றொடரையே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே, விடுதியில் நாள்தோறும் ஒரு மணி நேரம், கைப்பேசியை அடுத்த அறை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு எழுதுவோம். எழுதியதை வாய்விட்டுப் படிப்போம். எங்கோ படித்த வரி என்று தோன்றினால் அடித்துவிடுவோம். தமிழ் அரிதாகவே காதில் விழும் இவ்வூரில், நம் வீட்டுப் பேச்சை நாம் மறவாதிருக்கவும் அந்த ஒரு மணி நேரம் உதவும்.