பள்ளி பார்த்துக் குடியேறுதல்: பெரம்பலூரும் அரியலூரும்

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும்போது, மாவட்டவாரிப் பட்டியலின் உச்சியில் பெரம்பலூரும் அரியலூரும் அண்மைக் காலத்தில் அடுத்தடுத்து இடம்பெற்று வருகின்றன. 2022-இல் பிளஸ் டூ தேர்வில் 97.95 விழுக்காட்டுடனும், 2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.67 விழுக்காட்டுடனும் பெரம்பலூர் முதலிடம் பெற்றது; 2024-இல் பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டுடனும், 2025-இல் பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டுடனும் அவ்விடத்தை அரியலூர் பிடித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்தபோது பெரம்பலூரில் அது 74.32 ஆகவும் அரியலூரில் 71.34 ஆகவுமே இருந்தது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தறிவுக் கணக்கு ஏழு வயதைக் கடந்த அனைவரையும் உள்ளடக்குவதால், அது பெரும்பாலும் பெற்றோர், பாட்டனார் தலைமுறைகளின் கல்வி நிலையையே காட்டுகிறது. அத்தலைமுறைகளுக்குக் கிட்டாத கல்வியை மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று எட்டிப்பிடித்திருக்கிறார்கள் என்றால், அதில் இம்மாவட்டங்களின் பள்ளிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உள்ள பங்கு மனம்திறந்து பாராட்டத்தக்கது.

ஆனால், நாரணமங்கலம் டயர் தொழிற்சாலையிலோ, எறையூர் சிப்காட்டிலோ, அரியலூரைச் சூழ்ந்துள்ள சிமெண்ட் ஆலைகளிலோ வேலை கிடைத்து வருகிற குடும்பமும், பிள்ளையின் படிப்பை முன்னிட்டுக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வாடகை வீடு தேடுகிற குடும்பமும், எந்த ஊரில் குடியிருப்பது என்று முடிவெடுக்க இவ்விழுக்காடுகள் பெரிதாக உதவுவதில்லை. ஏறக்குறைய எல்லோரும் தேறிவிடும் ஒரு மாவட்டத்தில் தேர்ச்சி விழுக்காடு என்பது ஒரு பள்ளியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நாற்பது பேர் தேர்வெழுதும் கிராமப் பள்ளியில் ஒரே ஒரு மாணவர் ஒரு பாடத்தில் தவறினால் விழுக்காடு 97.5 ஆகிவிடும்; நானூறு பேர் எழுதும் நகரப் பள்ளியில் பத்துப் பேர் தவறினாலும் அதே எண்தான் வரும். பாடத்துக்கு 35 மதிப்பெண் பெற்றவரும் 95 பெற்றவரும் அந்தக் கணக்கில் ஒன்றே என்பதையும் மறக்கலாகாது.

நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாயிலில் பதாகை கட்டியுள்ள பள்ளியில், அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், முதலில் கேட்க வேண்டியது வேறொரு கணக்கு: இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர் எத்தனை பேர், அதற்கு முந்திய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் படித்தவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், படிப்பில் பின்தங்கிய பிள்ளையை வடிகட்டும் முயற்சி நடந்தால் அது ஒன்பதாம் வகுப்பிலேயே நடக்கும். பத்தாம் வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்துவது, அல்லது டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு போகும்படி பெற்றோரிடம் சொல்வது என்பன அதன் வடிவங்கள். ஒன்பதில் அறுபது பேர் இருந்து பத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் எழுதி ஐம்பத்தைந்து பேர் தேறிய பள்ளி, அறுபதில் நாற்பத்தைந்து பேரை மட்டும் எழுதவைத்து அனைவரையும் தேற்றிய பள்ளியைவிட எவ்வளவோ மேலானது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் வீட்டு முகவரியே இடம் கிடைப்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் நல்ல பள்ளியின் எல்லைக்குள் வீட்டு விலையும் ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அத்தகைய எல்லை கிடையாது. வேப்பந்தட்டையில் குடியிருப்பவர் பெரம்பலூரில் பிள்ளையைச் சேர்க்கத் தடையில்லை. மாவட்ட எல்லை தாண்டியும் சேர்க்கலாம். ஆகவே இங்கு இருப்பிடத்தையும் பள்ளியையும் இணைப்பது தொலைவும் வழியும்தான்.

அந்த வழியைக் கணக்கிட, பள்ளிகளின் படிநிலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடும், உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடும், மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டாம் வகுப்போடும் முடிகின்றன. நடுநிலைப் பள்ளி மட்டும் உள்ள சிற்றூரில் குடியேறினால் பிள்ளை ஒன்பதிலும், ஒருவேளை பதினொன்றிலும், பள்ளி மாற நேரிடும். உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 2009-இல் தொடங்கிய நடுவண் அரசின் இடைநிலைக் கல்வித் திட்டம் வகுத்த அளவு; ஆனால் வரைபடத்தின் ஐந்து கிலோமீட்டரும் சாலையின் ஐந்து கிலோமீட்டரும் ஒன்றல்ல. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பி ஓடும் சாலையில், பிளஸ் ஒன்னில் அரசு தந்த மிதிவண்டியை ஒரு மாணவி நாள்தோறும் ஓட்டிச் செல்ல முடியுமா என்பதைப் பெற்றோர் காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலையில் நின்று பார்த்தே அறிய வேண்டும். பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் இல்லாததால் அங்கு எல்லாமே பேருந்தைச் சார்ந்தவை. இலவசப் பயண அட்டை இருந்தாலும், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்தபின் ஊருக்குத் திரும்ப டவுன் பஸ் இல்லையென்றால் அந்த வகுப்பு அப்பிள்ளைக்கு இல்லை என்றே பொருள்.

மேல்நிலை வகுப்புகளில் கேள்வி இன்னும் நுட்பமாகிறது. பிளஸ் ஒன்னில் மாணவர் ஒரு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் வழக்கில் இதைக் குரூப் என்பர். இயற்பியல், வேதியியலோடு கணிதமும் உயிரியலும் கொண்ட பிரிவு, கணினி அறிவியல் பிரிவு, வணிகவியல் பிரிவு, தொழிற்கல்விப் பிரிவு என்று இவை பல. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருப்பதில்லை, இருக்கும் பிரிவும் தமிழ்வழியில் மட்டுமோ ஆங்கிலவழியிலுமோ என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். பெயரளவில் பிரிவு இருந்து, அதை நடத்த வேண்டிய முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதும் உண்டு. எனவே பிரிவு இருக்கிறதா என்பதைவிட, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் இன்று யார் பாடம் எடுக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறார்கள் என்பதே கேட்கத்தக்க கேள்வி. வகுப்பறை, கழிப்பறை, ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை ஆகிய விவரங்களை ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய 11 இலக்கக் குறியீட்டின்கீழ் யுடைஸ் என்னும் தேசியத் தரவுத்தொகுப்பு வெளியிடுகிறது. அது நல்ல தொடக்கம், நேரில் சென்று பார்ப்பதற்கு மாற்று ஆகாது.

பள்ளி மதிப்பெண்ணும் மேற்படிப்பு வாய்ப்பும் ஒன்றல்ல என்பதை இந்த நிலப்பகுதி மிகக் கொடிய முறையில் அறிந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 2017-இல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றும், நீட் நுழைவுத்தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் உயிரிழந்தார். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பெரம்பலூர் ஆட்சியராக இருந்த தாரேஸ் அகமது, அரசுப் பள்ளிகளில் திறன்மிக்க மாணவர்களைத் தேர்ந்து உண்டு உறைவிட வசதியோடு சிறப்புப் பயிற்சி அளிக்கும் ‘சூப்பர் 30’ திட்டத்தைத் தொடங்கியிருந்தார். இப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் உறைவிட வசதியுள்ள அரசு மாதிரிப் பள்ளி இயங்குகிறது. அதில் இடம் கிடைத்தால் வீடு எங்கிருக்கிறது என்னும் கேள்வியே எழாது, ஆனால் அங்குள்ள இடங்கள் சிலருக்கே.

2020-இல் இயற்றப்பட்ட சட்டம் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும்; கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்ற மாணவர்க்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு இவ்வொதுக்கீடு பொருந்தாது என்பதைப் பல பெற்றோர் தாமதமாகவே அறிகிறார்கள். ஆகவே இந்த மாவட்டங்களில் குடியேறும் குடும்பம் பள்ளியைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய காலம் பத்தாம் வகுப்பு முடியும் மே மாதம் அல்ல, பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஆண்டே ஆகும்.

2017-18 முதல் நடந்துவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை நீக்கிவிட்டது. பிளஸ் ஒன் பாடங்களைத் தாண்டிவிட்டு இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் இருந்ததே அத்தேர்வு வந்ததற்கு முக்கியக் காரணம். தேர்வு போனபின் அவ்வழக்கம் திரும்பக்கூடும். நுழைவுத்தேர்வுகளிலோ பிளஸ் ஒன் பாடங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே சேர்க்கைக்குச் செல்லும் பெற்றோர், பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் பாடக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேட்பது முறையான செயலே. அரசுப் பள்ளியாயின், பெற்றோர் ஒருவரையே தலைவராகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் ஆசிரியர் பணியிடங்களின் நிலையைக் கேட்கலாம். அப்பணியிடங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் நாள் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே நிர்ணயிக்கப்படுவதால், புதிதாகச் சேரும் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒருவராவார்.