வெப்பத்தால் உயிர்பெறும் வரைகலை அட்டை

பொருள்கள் வெப்பத்தால் விரிந்து குளிரால் சுருங்கும் என்பது பௌதிகத்தின் முதற் பாடங்களுள் ஒன்றாகும். இவ்வெளிய விதியே கணினியின் உள்ளே கேடு விளைத்தலையும், பின்னர் அக்கேட்டைத் தீர்ப்பது போன்று தோன்றுதலையும் வரைகலை அட்டையின் வரலாற்றிற் காணலாம்.

கணினித் திரையில் உருவங்களைத் தீட்டுவது வரைகலை அட்டை. அது பழுதுற்றவிடத்துத் திரையிற் கோடுகளும் சிதறிய நிறப்புள்ளிகளும் தோன்றும். ஈற்றில் திரை இருண்டுவிடும். அத்தகைய அட்டையின் விசிறி முதலியவற்றைக் கழற்றி, வீட்டு மின்போறணையில் ஏறக்குறைய 200 பாகை செல்சியசில் எட்டுப் பத்து நிமிடம் வைத்தெடுத்து ஆறவிடின், அது மீண்டும் இயங்குதல் உண்டு. 2000 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிற் பல நாடுகளிலும் பரவிய இவ்வழக்கம் உண்மை மருத்துவமா, அன்றி நோயை மறைக்கும் உபாயமா என்பது ஆராயத்தக்கது.

இதற்குச் சில்லின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். வரைகலைச் சில்லு சிலிக்கனாலாய மெல்லிய தகடாகும். அது கவிழ்த்து வைக்கப்பட்டு, மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவான பற்றாசுப் புடைப்புக்களால் ஒரு சிறு பலகையோடு பொருத்தப்படும். இடைவெளியைப் பிசின் நிரப்பும். அச்சிறு பலகை, அரை மில்லிமீற்றர் அளவான பற்றாசுக் குண்டுகளால் அட்டையோடு பொருத்தப்படும். எனவே இணைப்பு இருவகைத்து: சில்லின் அடியிலுள்ளது உள்ளிணைப்பு, சிறு பலகையின் அடியிலுள்ளது புறவிணைப்பு.

வெப்பநிலை ஒரு பாகை உயருந்தோறும் சிலிக்கன் தன் நீளத்திற் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு விரியும். பலகையோ பதினைந்து பங்களவு விரியும். கணினி இயங்கும்போது சூடேறுதலும் நிறுத்தியபின் ஆறுதலும் நாடோறும் நிகழ்வன. ஒன்று மிகுதியாக விரிய மற்றொன்று குறைவாக விரிதலின், இடைப்பட்ட பற்றாசு ஒவ்வொரு முறையும் இழுபட்டு, நாளடைவில் வெடிப்புறும். இந்த இழுவிசையைத் தாங்கிக்கொள்வதே பிசினின் தொழில். அது குறைந்த வெப்பத்திலேயே இளகுமாயின், சுமை முழுவதும் புடைப்புக்களின் மேலதாகும்.

இனிப் போறணையின் செயலை நோக்குவோம். வெள்ளீயம் 63 வீதமும் ஈயம் 37 வீதமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகுவது. ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய விதி 2006 ஜூலை 1 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபின், வெள்ளீயம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் கலவை பெருவழக்காயிற்று. அது உருகுவதற்கு ஏறக்குறைய 217 பாகை வேண்டும். அக்காலச் சில்லுகள் பலவற்றின் உட்புடைப்புக்களோ ஈயம் மிகுந்தவை. அவை 300 பாகைக்கு மேலேயே உருகுவன. 200 பாகைப் போறணை இவ்விரண்டையும் உருக்கவல்லதன்று. அவ்வாறாயின் அட்டை உயிர்பெறுவது எங்ஙனம்? வெப்பத்தாற் பிசின் இளகிப் பகுதிகள் சற்றே இடம்பெயர, வெடிப்பின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. மின் மீண்டும் ஓடுகின்றது. தொடுதல் வேறு, ஒட்டுதல் வேறு. வெடித்த முகத்தில் ஒட்சைட்டுப் படலம் படிந்திருத்தலின், அதனை நீக்கும் இளக்கியின்றி உறுதியான பிணைப்பு உண்டாகாது. ஆகவே சில நாளிலோ சில மாதத்திலோ பழைய நோயே திரும்புகின்றது.

இதற்குச் சான்றுகள் உள. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியிற் பயன்பட்ட பொருள்கள் வலுக்குறைந்தன என அறிவித்து, 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் பழுதுகளின் பொருட்டு 2007 இல் நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. பலரும் குற்றம் புறவிணைப்பினது என்றே கருதினர். வரைகலைச் சில்லுப் பொதியின் உள்ளிணைப்பே முறிந்தது என 2021 இல் அந்நிறுவனத்தார் வெளிப்படுத்தினர். எனவே பழைய சில்லை எடுத்துப் புறக்குண்டுகளை மட்டும் புதுக்குதலும் இந்நோய்க்கு மருந்தாகாது. பயிற்சியுற்றோர் தகுந்த கருவிகொண்டு குற்றமற்ற புதிய சில்லைப் பொருத்துதலே நிலையான பரிகாரமாகும்.

வீட்டு முறையில் தீங்குகளும் உண்டு. அட்டையிலுள்ள மின்பகுபொருட் கொள்ளளவிகள் பெரும்பாலும் 105 பாகைக்கே இயன்றவை. மேற்படின் பிதுங்கிப் பழுதுறும். பலகை உறிஞ்சிய ஈரம் ஆவியாகி அதன் படைகளைப் பிளத்தல் கூடும். இளகும் பிளாத்திக்கும் பிசினும் நச்சுப்புகை உமிழும். பழைய அட்டைகளில் ஈயமும் உண்டு. உணவு சமைக்கும் போறணையை இதற்குப் பயன்படுத்துதல் ஒருபோதும் தகாது. அன்றியும், இவ்வாறு எழுப்பிய அட்டையை நல்லதெனச் சொல்லிப் பிறருக்கு விற்றல், அதன் அண்மையிலுள்ள முடிவை மறைத்து அவர்தம் பொருளைக் கவர்தலேயாம்.

சூடாக்கியதும் அட்டை இயங்குமாயின், அதன் இணைப்பில் வெடிப்புண்டு என்பதற்கு அதுவே குறியாகும். குணமாயிற்று என்பதற்குச் சான்றன்று. தூசியை நீக்குதல், உலர்ந்த வெப்பங்கடத்தும் பசையைப் புதுக்குதல், காற்றோட்டம் பேணுதல் ஆகியவற்றாற் சூட்டைத் தணிப்போர் வெடிப்பினைப் பிற்போடுவர். நோயை விளைத்த வெப்பத்தையே மருந்தாகக் கொள்வோர் சிறிது காலத்தையே பெறுவர்.