பல தானை, ஒரு தலைமை

தமிழிலே படையைக் குறிக்குஞ் சொற்கள் பல. தானை, சேனை, அனிகம், தண்டு என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கும் ஒருவன் ஏவலில் நின்றாலன்றி அவை படையெனப் பெயர்பெறா. வீரர் எத்துணைப் பலராயினும் நடத்துவோர் இலராயின் அது படையன்று என்னுங் கருத்தோடுதான் வள்ளுவனார் படைமாட்சி அதிகாரத்தை நிறைவு செய்கின்றார்.

இக்காலத்திலே நாற்படை போய்த் தரைப்படை, கடற்படை, வான்படை என முப்படை ஆயிற்று. அவையும் ஓர் அரசினுடையன அல்லவாய், பல நாட்டினவாய்க் கலந்து நிற்குமிடத்து, பரந்ததொரு பகுதிக்கு ஒரே தலைவரை நியமிக்கும் முறை இரண்டாம் உலகப் போரிலே நிலைபெற்றது. அத்தகைய தலைமைகளுள் ஒன்று நம் இலங்கைத் தீவிலே, பேராதனைப் பூங்காவிலே வீற்றிருந்தது என்பதை இன்றைய மாணாக்கருட் பலர் அறியார்.

இம்முறையின் முதன் முயற்சி தோல்வியிலே முடிந்தது. 1942 சனவரியிலே அமெரிக்கர், பிரித்தானியர், ஒல்லாந்தர், அவுஸ்திரேலியர் ஆகிய நால்வர் படைகளையும் வேவல் என்னுந் தளபதியிடம் ஒப்புவித்தனர். அவர் சாவகத் தீவிலிருந்து ஆணை செலுத்தினார். பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. 25ஆம் நாள் அத்தலைமையே கலைந்தது. பெயரளவில் ஒன்றுபட்ட படைகட்குப் பழகிக்கொள்ளவும் அவகாசம் இருந்ததில்லை.

அடுத்த இலக்கு இலங்கையோ என அஞ்சிய பிரித்தானிய அரசு, அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே கடற்படைத் தளபதி லேற்றனை இத்தீவின் படைத்தலைவராக்கியது. முப்படையேயன்றிக் குடியியல் நிருவாகமும் அவர் ஆணைக்கு உட்பட்டது. தேசாதிபதியும் அதற்கு விலக்கல்லர். ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பின்மீதும், 9ஆம் நாள் திருகோணமலைமீதும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 9ஆம் நாளிலேயே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஆழ்ந்தது.

1943 ஓகஸ்டிலே கியூபெக் நகரிற் கூடிய மாநாடு தென்கிழக்காசியப் படைத்தலைமையைத் தோற்றுவித்தது. மௌண்ட்பேற்றன் பிரபு அதன் தலைவரானார். முதலிலே புதுதில்லியில் இயங்கிய தலைமையகம் 1944 ஏப்பிரலிலே கண்டிக்குப் பெயர்ந்தது. 1821இல் அமைந்த பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே, மரநிழல்களின் கீழே போர்த்திட்டங்கள் வரையப்பட்டன. பர்மா, மலாயா, சுமாத்திரா, சீயம் ஆகியவற்றோடு இலங்கையும் அதன் எல்லைக்குள் அடங்கிற்று.

ஒரே தலைமையாற் பயன் யாது எனின், ஒன்று கூறுவேன். 1944 மார்ச்சிலே யப்பானியர் இம்பாலை நோக்கிப் பாய்ந்தனர். அரக்கானில் நின்ற இந்தியப் படைப்பிரிவொன்றை வான்வழியே அங்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. விமானங்களோ இமயத்தைக் கடந்து சீனத்துக்குப் பொருள் சுமந்துகொண்டிருந்தன. அவற்றைத் திருப்பும் உரிமை தமக்கு இல்லாதிருந்தும், மேலிடத்து அனுமதிக்குக் காத்திராது மௌண்ட்பேற்றன் அவற்றைத் திருப்பினார். இம்பால் தப்பியது. மறு ஆண்டு மே மாதத்திலே றங்கூன் மீண்டது.

எனினும் ஒருமை என்பது காகிதத்தில் எளிது, மனத்தில் அரிது. கடற்படைத் தளபதி சோமர்வில் தம் கப்பற்றொகுதி முழுவதையும் புதிய தலைவருக்கு அடக்க இசைந்தாரல்லர். அமெரிக்கத் தளபதி ஸ்ரில்வெல் தரைப்படைத் தலைவர் கிபார்ட்டுக்குக் கீழ்ப்பட மறுத்தார். ஆனால், கமைங் என்னுமிடத்தை எய்தும்வரை, அக்கிபார்ட்டுக்கே கீழ்ப்பட்ட ஸ்லிம் என்பவர்க்குப் பணிவேன் என்றார். பதவி ஏற்காத பணிவை நம்பிக்கை ஏற்றது.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றிய நம்மவர் பலர். சிங்கப்பூர் வீழ்ந்ததும் இரு கரையாரும் தொடர்பற்றுத் தவித்தனர். தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் எண்ணற்றோர் சீய-பர்மியப் புகையிரதப் பாதையிலே மாண்டனர். 1945 செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரிலே மௌண்ட்பேற்றன் முன்னிலையில் யப்பானியத் தளபதி இத்தகாக்கி சரணாகதிப் பத்திரத்திற் கைச்சாத்திட்டார்.

சொல்லாராய்வார்க்கு இன்னுமொரு செய்தி. மணிமேகலை சாவகம் என்றது. சோழர் கடாரம் என்றனர். அந்நாடுகளை ஒருங்கே சுட்டும் ‘தென்கிழக்காசியா’ என்னும் பெயரைச் சிலர் முன்னரே ஆண்டனராயினும், உலகெங்கும் பரப்பியது இப்படைத்தலைமையே. போருக்கு வரைந்த எல்லை பூகோள நூலில் நிலைத்துவிட்டது.

இவற்றை வகுப்பில் விரித்துரைத்தபோது மாணாக்கர் ஒருவர், “ஐயா, எல்லாரும் ஒருவர்க்கு அடங்கினால் அந்த ஒருவர் யாருக்கு அடங்குவார்?” என வினவினார். வினா மிக நன்று. மௌண்ட்பேற்றனுக்கு மேலே பிரித்தானியப் படைத்தலைவர் குழுவும், இருநாட்டுக் கூட்டுக்குழுவும், அவற்றின் மேலே குடியரசியலாரும் இருந்தனர். ஆயின் அவருள் ஒருவரையேனும் இத்தீவினர் தேர்ந்தாரல்லர். 1931 முதல் வாக்குரிமை பெற்றிருந்த நமக்குப் பாதுகாப்புத்துறை மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது.

நெல்லியடியில் வாழ்வோர்க்குப் படை என்பது வெறுஞ் சொல்லன்று. 1987இல் எம்மூர்ப் பாடசாலையொன்று படைமுகாமாக இருந்ததை மறந்தாரில்லை. உலகப் போரிலே வான்படைக்கென அமைத்த பலாலி விமானத்தளம் 2019இல் சர்வதேச விமான நிலையமாயிற்று. அதனைச் சூழ்ந்த காணிகளோ 1990இன் பின்னர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கி, பல்லாண்டு கழிந்தே பகுதி பகுதியாக உடையவர் கை சேரலாயின.

ஆதலின், அக்கூட்டுத் தலைமையின் வெற்றிகளினும் அதன் முடிவையே யான் பெரிதாக எண்ணுகின்றேன். 1945 நவம்பரிலே அது சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. 1946 நவம்பர் 30ஆம் நாள் கலைந்தது. பூங்கா மீண்டும் பூங்காவாயிற்று. 1952இலே அதன் அயலிற் பல்கலைக்கழகம் குடியேறிற்று. தானைக்குத் தலைமை வேண்டும். அத்தலைமைக்கு ஓர் எல்லையும், அதனைக் கேட்பார் ஒருவரும், அது முடியுநாள் ஒன்றும் வேண்டும். இம்மூன்றையும் கேட்கக் கற்றுக்கொடுத்தல் ஆசிரியர் கடன்.